சுவரைச் சுற்றிய ஒரு மைல் கம்பி!

விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கிறது கூமாப்பட்டி. வத்திராயிருப்பிலிருந்து எட்டிப்பிடிக்கும் தூரம் தான். அங்கே புதிதாகக் கட்டிக் கொண்டிருக்கும் ஒரு வீட்டுக்குள் போவோமா?

சுவர்கள் எழும்பிவிட்டன, பூச்சு வேலை இன்னும் ஆரம்பிக்கவில்லை. எலக்ட்ரீஷியன் அண்ணன், சுவரில் பள்ளம் வெட்டி, பிளாஸ்டிக் பைப்புகளைப் பதித்துக் கொண்டிருக்கிறார். விளக்கு, மின்விசிறி, கிரைண்டருக்குப் போகும் 230 வோல்ட் ஒயர்களுக்கு ஒரு பைப். டெலிபோன், கேபிள் டிவி, இன்டர்நெட், கண்காணிப்பு கேமரா ஆகியவற்றின் மெல்லிய ஒயர்களுக்கு இன்னொரு பைப். இரண்டாவது பைப்பில் ஓடப் போவது மிகக் குறைந்த வோல்ட் மின்சாரம். டெலிபோன் கம்பியில் கூட, 48 வோல்ட் அளவு தான்.

இரண்டு பைப்புகளையும் ஒட்டி ஒட்டி வைக்காமல், நடுவே இடைவெளி விட்டுத் தான் பதிப்பார். எதற்கு இந்த வீண் வேலை, எல்லா ஒயரையும் ஒரே பைப்பில் நுழைத்தால் செலவு குறையுமே என்று வீட்டுக்காரர் கேட்டால், தலையை ஆட்டி மறுத்துவிடுவார்.

ஏன் மறுக்கிறார்? இதற்குப் பதில் சொல்ல, கிட்டத்தட்ட 200 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருவரிடம் போக வேண்டும். ஓர் அறையின் சுவர்களைச் சுற்றிச் சுற்றி ஒரு மைலுக்கும் அதிகமான செம்புக் கம்பியை ஓடவிட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனையில் மணி அடிக்க வைத்தவர் அவர். பெயர், ஜோசப் ஹென்றி.

*

அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஆல்பனி என்ற ஊரில், 1797ம் ஆண்டு டிசம்பர் 17ம் தேதி பிறந்தார் ஹென்றி. பெற்றோர், ஸ்காட்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். அப்பா கூலி வேலை செய்பவர். வீட்டில் வறுமை. அதனால், ஹென்றியைச் சின்ன வயதிலேயே கால்வே என்ற கிராமத்தில் இருந்த பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டனர். அப்பாவும் சீக்கிரமே காலமானார்.

கிராமத்தில் பாதி நாள் பள்ளிக்கூடம். மீதி நாள் மளிகைக் கடையில் எடுபிடி வேலை. படிப்பில் பெரிய ஆர்வம் ஒன்றும் கிடையாது.

ஒருநாள், அவர் வளர்த்த முயல் ஓடிப் போய்விட்டது. துரத்திப் போனார். முயல், அந்த ஊர் தேவாலயத்தின் அடியில் இருந்த இடைவெளிக்குள் புகுந்தது. ஹென்றியும் தவழ்ந்து உள்ளே போனார். தரைப்பலகையில் ஓர் ஓட்டை தெரிந்தது. வழியாக மேலே ஏறினால்... அலமாரி முழுக்கப் புத்தகங்கள்! கிராமத்து நூலகம் அது. ஒரு கதைப் புத்தகத்தை எடுத்துப் புரட்டியவர், முயலை மறந்தே போனார். அதன் பின், பல நாட்கள் அந்தத் திருட்டு வழியில் போய்ப் படித்தாராம். ஓட்டை வழியாக நூலகத்துக்குள் நுழைந்த விஞ்ஞானி இவர் ஒருவராகத் தான் இருப்பார்!

13 வயதில், கடிகாரம் செய்யவும் வெள்ளி வேலை செய்யவும் தொழில் பழகச் சேர்த்தனர். அதிலும் மனம் ஒட்டவில்லை. நாடகப் பைத்தியம் பிடித்துக் கொண்டது. நாடகம் எழுதினார், நடித்தார். நடிகராகவே ஆகியிருப்பார். ஆனால், 16 வயதில் உடம்புக்கு முடியாமல் சில நாட்கள் வீட்டிலேயே இருக்க வேண்டி வந்தது. அதே வீட்டில் தங்கியிருந்த ஒருவர் வைத்துவிட்டுப் போன அறிவியல் புத்தகம் கண்ணில் பட்டது. மேலே எறிந்த கல் ஏன் கீழே வருகிறது என்பது போன்ற சின்னச் சின்னக் கேள்விகள் அதில் இருந்தன. படித்து முடித்தபோது, நாடக ஆசை போயே போய்விட்டது.

ஆனால், படிக்கப் பணம் வேண்டுமே? 1819ல், ஆல்பனி அகாடமி என்ற பள்ளி, கட்டணம் வாங்காமல் அவரைச் சேர்த்துக் கொண்டது. தன்னை விடச் சிறிய மாணவர்களோடு உட்கார்ந்து படித்தார். பிறருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச் செலவைச் சமாளித்தார். 1826ல், அதே பள்ளியில் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கும் பேராசிரியரானார்.

*

நாள் முழுக்க வகுப்பு எடுக்க வேண்டும். ஆராய்ச்சிக்கு ஏது நேரம்? ஆகஸ்ட் மாத விடுமுறையில் தான் பள்ளியின் பெரிய கூடம் காலியாக இருக்கும். அந்த ஒரு மாதம் தான் அவருக்குக் கிடைத்த ஆய்வுக்கூடம். விடுமுறை முடிந்தால், கம்பி, மின்கலம் எல்லாவற்றையும் சுருட்டிக் கட்டி வைத்துவிட்டு, அடுத்த ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் வில்லியம் ஸ்டர்ஜன் என்பவர், 1825ல் ஒரு மின்காந்தம் செய்திருந்தார். குதிரை லாடம் போல வளைத்த இரும்பில் வார்னிஷ் பூசி, அதன் மேல் செம்புக் கம்பியைச் சுற்றியிருந்தார். கம்பி வெறும் கம்பி. மேலே உறை கிடையாது. சுற்றுகள் ஒன்றோடு ஒன்று தொட்டால், மின்சாரம் குறுக்கு வழியில் பாய்ந்துவிடும். அதனால், தள்ளித் தள்ளி 18 சுற்று தான் சுற்ற முடிந்தது. அது நான்கு கிலோ எடையைத் தூக்கியது.

ஹென்றி என்ன செய்தார் தெரியுமா? இரும்புக்கு உறை போடுவதற்குப் பதிலாக, கம்பிக்கே உறை போட்டார்! பட்டுத் துணியை நாடாவாகக் கிழித்து, கம்பி முழுவதும் பொறுமையாகச் சுற்றினார். மனைவி ஹேரியட்டின் பட்டு உடையைத் தான் கிழித்தார் என்று ஒரு கதை உண்டு. அது உண்மையோ, பொய்யோ... உறை போட்ட கம்பியை நெருக்கி நெருக்கி, அடுக்கடுக்காக நூற்றுக்கணக்கில் சுற்ற முடிந்தது. 1831ல், யேல் கல்லூரிக்காக அவர் செய்து கொடுத்த மின்காந்தத்தின் இரும்பு, 27 கிலோ தான் இருக்கும். அது தூக்கிய எடையோ, 930 கிலோவுக்கும் மேல்!

கூமாப்பட்டி வீட்டில் ஒரே பைப்புக்குள் பல ஒயர்கள் நெருக்கியடித்துப் போகின்றனவே, அவை ஒன்றையொன்று தொட்டும் ஒன்றும் ஆவதில்லையே... அதற்குக் காரணம் அந்தச் சிவப்பு, கறுப்பு, பச்சை பிளாஸ்டிக் உறை தான். அன்று பட்டு, இன்று பிளாஸ்டிக். அவ்வளவு தான் வித்தியாசம்.

*

அடுத்து வந்தது, பெரிய சிக்கல். மின்கலத்தின் பக்கத்திலேயே இருக்கும் காந்தம் நன்றாக வேலை செய்தது. கம்பியை நீளமாக்கி, காந்தத்தைத் தூரத்தில் வைத்தால், பலம் குறைந்து போனது. நீண்ட கம்பி வழியாக மின்சாரத்தால் செய்தி அனுப்பவே முடியாது என்று, இங்கிலாந்தில் பீட்டர் பார்லோ என்ற விஞ்ஞானி முன்பே முடிவு கட்டியிருந்தார். பலரும் அதை நம்பி, அந்த யோசனையையே விட்டுவிட்டனர்.

ஹென்றி விடவில்லை. இதைப் புரிந்துகொள்ள, கூமாப்பட்டி வயல்களையே பார்க்கலாம். பிளவக்கல் அணையிலிருந்து வரும் தண்ணீர், மதகுக்குப் பக்கத்து வயலுக்குச் சுலபமாகப் பாய்ந்துவிடும். கடைமடை வயலுக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால், பின்னாலிருந்து தள்ளும் வேகம் வேண்டும். தண்ணீர் நல்ல உயரத்தில் நிற்க வேண்டும். வாய்க்காலின் அகலம் மட்டும் போதாது.

மின்சாரமும் அப்படித் தான். ஒரே ஒரு பெரிய மின்கலத்துக்குப் பதிலாக, பல சிறிய கலங்களை வரிசையாக, ஒன்றன் பின் ஒன்றாக இணைத்தார் ஹென்றி. டார்ச் லைட்டில் பேட்டரிகளை வரிசையாகப் போடுகிறோமே, அது போல. தள்ளும் வேகம் கூடியது. இதைத் தான் இன்று வோல்ட் கணக்கில் அளக்கிறோம். மறுமுனையில் இருந்த காந்தத்திலும், ஒரே நீளக் கம்பியைப் பல சுற்றுகள் சுற்றினார். இதனால், நீண்ட கம்பியைத் தாண்டி வரும் கொஞ்ச மின்சாரமே காந்தத்துக்குப் போதுமானதாகி விட்டது.

1831ம் ஆண்டு. பள்ளியின் ஓர் அறையில், சுவர்களைச் சுற்றிச் சுற்றி ஒரு மைலுக்கும் மேற்பட்ட கம்பியைக் கட்டினார். அதாவது, 1.6 கிலோ மீட்டருக்கும் அதிகம். ஒரு முனையில் மின்கலம். மறுமுனையில் லாட வடிவ மின்காந்தம். அதன் இரு கால்களுக்கு நடுவே, ஊசி போல் சுழலக்கூடிய ஓர் எஃகுக் காந்தச் சட்டம். சட்டத்தின் அடுத்த நுனிக்குப் பக்கத்தில், மேஜை மணி ஒன்று.

இணைப்புக் கொடுத்தார். மின்காந்தம் உயிர் பெற்றது. சட்டம் சட்டென்று திரும்பி, மணியில் மோதியது. டிங்!

உலகில், நீளக் கம்பி வழியே போன சிறு மின்சாரம், காந்தத்தை இயக்கி மணி அடித்தது அங்கே தான். மாணவர்களுக்கு அதை அடித்துக் காட்டி மகிழ்ந்தாரே தவிர, காப்புரிமை வாங்க அவருக்குத் தோன்றவே இல்லை. இயற்கையின் ரகசியத்தைப் பூட்டி வைத்துக் காசு பார்ப்பது, விஞ்ஞானிக்கு அழகல்ல என்பது அவர் எண்ணம்.

(நீங்களும் செய்து பார்க்கலாம். ஓர் இரும்பு ஆணி, வார்னிஷ் பூசிய மெல்லிய செம்புக் கம்பி, ஒரு டார்ச் செல் போதும். கம்பியின் இரு நுனியிலும் வார்னிஷைச் சுரண்டிவிட்டு, நடுப்பகுதியை ஆணியில் சுற்றி, நுனிகளைச் செல்லில் வைத்தால், ஆணி குண்டூசிகளை இழுக்கும். கம்பி சூடாகும், அதிக நேரம் பிடிக்காதீர்கள். சுவரில் இருக்கும் பிளக் பக்கம் மட்டும் போகவே கூடாது!)

*

1832ல், பிரின்ஸ்டனில் இருந்த கல்லூரிக்குப் பேராசிரியராகப் போனார். இப்போது பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் என்று உலகப் புகழ் பெற்று விளங்குவது அது தான். அங்கே, கல்லூரி ஆய்வுக்கூடத்திலிருந்து தன் வீட்டுக்கு ஒரு கம்பியை இழுத்தார். எதற்கு? ஆராய்ச்சியில் மூழ்கினால், சாப்பாட்டு நேரம் தெரியாது. பசித்தால், ஆய்வுக்கூடத்திலிருந்தே வீட்டுக்குச் சமிக்ஞை கொடுப்பார், சாப்பாடு வந்துவிடும்! மின்சாரம் போவதற்குத் தான் கம்பி. திரும்பி வருவதற்குப் பூமியையே பயன்படுத்திக் கொண்டார்.

மாணவர்களுக்கு இன்னொரு வேடிக்கையும் காட்டினார். பெரிய மின்காந்தம் ஒன்று, பல நூறு கிலோ எடையைத் தூக்கிக் கொண்டு நிற்கும். தூரத்திலிருந்து வரும் நீளக் கம்பியில் போவதோ, சுண்டைக்காய் மின்சாரம். அது, ஒரு சின்னக் காந்தத்தை அசைக்கும். சின்னக் காந்தம், பெரிய காந்தத்தின் இணைப்பைத் துண்டிக்கும். அவ்வளவு தான்... அத்தனை எடையும் தடாலென்று தரையில் விழும்! சிறிய மின்சாரம், பெரிய மின்சாரத்துக்குக் கட்டளையிடும் இந்த ஏற்பாட்டுக்கு ரிலே என்று பெயர். கார்களிலும் பிரிஜ்ஜிலும் ரிலேக்கள் இன்றும் டிக் டிக் என்று ஒலித்துக் கொண்டிருக்கின்றன.

*

இப்போது, கூமாப்பட்டி எலக்ட்ரீஷியன் ஏன் மறுத்தார் என்பதற்கு வருவோம்.

ஒரு கம்பியில் மின்சாரம் மாறும்போது, பக்கத்தில் இருக்கும் இன்னொரு கம்பியிலும் மின்சாரம் எழுகிறது என்பதை ஹென்றி கண்டார். இரண்டும் தொடவே வேண்டாம். பக்கத்தில் இருந்தால் போதும். இதற்கு, மின்காந்தத் தூண்டல் என்று பெயர். அதே ஒயரின் ஒரு சுற்று, தன் அடுத்த சுற்றையே தூண்டுவதையும் கண்டுபிடித்து, 1832ல் வெளியிட்டார். அது, தன் மின்தூண்டல்.

எவ்வளவு தூரம் இந்தத் தூண்டல் தாவும்? சோதித்துப் பார்த்தார். மேல்மாடி அறையில் ஒரு கம்பி வளையம். அதற்குச் சுமார் 30 அடி கீழே, நிலவறையில் இன்னொரு வளையம். நடுவே, 14 அங்குல கனத்தில் இரண்டு தளங்கள். மேலே ஒரே ஒரு மின்பொறியை உண்டாக்கினார். கீழே, வளையத்தோடு இணைந்த சுருளுக்குள் வைத்திருந்த தையல் ஊசிகள், காந்தமாகி இருந்தன! 1842ல், இதை அறிவித்தார்.

இதோடு விட்டாரா? தன் வீட்டின் தகரக் கூரையிலிருந்து ஒரு கம்பியைப் படிப்பறைக்குள் கொண்டு வந்து, ஊசி வைத்த ஒரு சுருளின் வழியாக விட்டு, அப்படியே தரைக்கு இறக்கினார். பல மைலுக்கு அப்பால் மின்னல் வெட்டினால், அவர் அறையில் ஊசி காந்தமானது. ரேடியோ பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன் நடந்தது இது. தன் கையில் அகப்பட்டது எவ்வளவு பெரியது என்பது அவருக்கே முழுதாகத் தெரிந்திருக்காது.

230 வோல்ட் ஒயரில் ஓடும் மின்சாரம், நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் ஆடுகிறது. அதை ஒட்டியே டெலிபோன் ஒயர் நெடுந்தூரம் ஓடினால், அந்த ஆட்டம் இதிலும் தொற்றும். ரிசீவரில் கொர்ர்ர் என்று இரைச்சல் கேட்கும். கேமரா படத்தில் கோடு விழும். உறை எங்காவது கிழிந்து, 230 வோல்ட் இந்த மெல்லிய ஒயருக்குள் புகுந்துவிட்டால், ஆபத்து வேறு. அதனால் தான் இரண்டு பைப், நடுவே இடைவெளி. இரண்டும் குறுக்கே சந்தித்தே ஆக வேண்டுமென்றால், கூட்டல் குறி போல நேர் குறுக்காகக் கடக்க விடுவர். கூடவே ஓடினால் தான் தொற்றல் அதிகம்.

ஆனால், இதே தொற்றல் நமக்கு வேலைக்காரனாகவும் இருக்கிறது. ஒரு சுருளின் சுற்றுகளை அதிகமாகவும், அடுத்த சுருளின் சுற்றுகளைக் குறைவாகவும் வைத்து, மின்சாரத்தின் வேகத்தை ஏற்றவும் இறக்கவும் முடியும் என்று, 1838ல் ஹென்றி காட்டினார். அது தான் டிரான்ஸ்பார்மரின் அடிப்படை. மொபைல் போன் சார்ஜருக்குள்ளும் குட்டி டிரான்ஸ்பார்மர் ஒன்று இருக்கிறது.

*

மின்காந்தத் தூண்டல் என்றதும், பாடப் புத்தகத்தில் மைக்கேல் பாரடே பெயர் தானே வருகிறது? ஆமாம். ஹென்றியும் பாரடேயும் தனித்தனியே, கடலுக்கு இக்கரையிலும் அக்கரையிலும், அதைக் கண்டனர். பாரடே, 1831ல் உடனே உலகுக்கு அறிவித்துவிட்டார். அடுத்த விடுமுறைக்காகக் காத்திருந்த பள்ளி ஆசிரியர் ஹென்றி, 1832ல் தான் எழுதினார். முதலில் வெளியிட்டவருக்கே பெருமை என்பது அறிவியல் உலகின் வழக்கம். ஹென்றிக்கு இதில் மனக்குறை இருந்தது. ஆனால், சண்டைக்குப் போகவில்லை. 1837ல் லண்டன் போனபோது, பாரடேயைச் சந்தித்து நண்பராகவே திரும்பினார்.

தந்தி விஷயம் தான் அவரை அதிகமாகக் காயப்படுத்தியது. சாமுவேல் மோர்ஸ், அடிப்படையில் ஓர் ஓவியர். தந்திக் கருவி செய்ய முயன்று, கம்பி சில அடிகளுக்கு மேல் நீண்டால் வேலை செய்யாமல் தவித்தார். ஹென்றியின் 1831ம் ஆண்டுக் கட்டுரையைப் படித்திருந்த ஒரு பேராசிரியர் உதவிய பின் தான், வழி பிறந்தது. கேட்டபோதெல்லாம் ஹென்றியும் ஆலோசனை சொன்னார். மோர்சுக்கு ஆதரவாகக் கடிதமும் எழுதிக் கொடுத்தார். 1844ல், வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே தந்தி ஓடியது. பணமும் புகழும் மோர்சுக்குக் குவிந்தன.

பிறகு, காப்புரிமை வழக்குகள் வந்தன. நீதிமன்றம் ஹென்றியைச் சாட்சி சொல்ல அழைத்தது. அவர் நடந்ததை நடந்தபடியே சொன்னார். கோபமடைந்த மோர்ஸ், 1855ல் அவரைத் தாக்கி நீண்ட கட்டுரை வெளியிட்டார். ஹென்றி, பத்திரிகைகளில் பதிலுக்குப் பதில் எழுதவில்லை. விசாரித்துச் சொல்லுங்கள் என்று தன் நிறுவனத்தையே கேட்டுக் கொண்டார். ஒரு குழு ஆராய்ந்து, அவர் சொன்னதே உண்மை என்று முடிவு சொன்னது.

இதற்கிடையே, தந்திக் கம்பி நம் நாட்டுக்கும் வந்துவிட்டது. கல்கத்தாவில் வில்லியம் ஓஷானஸி என்ற மருத்துவர், 1839லேயே 20 மைலுக்கும் மேல் கம்பி கட்டிச் சோதனை செய்தார். 1851ல், கல்கத்தாவிலிருந்து டைமண்ட் துறைமுகத்துக்குத் தந்தி போனது. 1855க்குள், ஆக்ரா, பம்பாய், சென்னை வரை கம்பிகள் எட்டிவிட்டன.

*

1846ல், வாஷிங்டனில் புதிதாகத் தொடங்கிய ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் முதல் செயலராக ஹென்றி பொறுப்பேற்றார். சாகும் வரை, 32 ஆண்டுகள் அங்கே தான். சொந்த ஆராய்ச்சி வெகுவாகக் குறைந்து போனது. பிறரின் ஆராய்ச்சிக்குத் துணை நின்றார்.

அங்கும் கம்பிகளை அவர் மறக்கவில்லை. தந்தி நிலையங்களில் இருந்தவர்கள், தங்கள் ஊரில் மழையா, வெயிலா, காற்றா என்று செய்தி அனுப்பினர். அவற்றைப் பெரிய வரைபடத்தில் வண்ண வில்லைகளாக மாட்டி, மக்கள் பார்க்க வைத்தார். ஓர் ஊரில் இன்று பெய்யும் மழை நாளை எங்கே வரும் என்று கணிக்கும் வேலை, இப்படித் தான் அமெரிக்காவில் ஆரம்பமானது.

1865ம் ஆண்டு ஜனவரி 24ம் தேதி, ஸ்மித்சோனியன் கட்டடத்தில் தீப்பிடித்தது. அவர் பல ஆண்டுகளாகச் சேர்த்திருந்த கடிதங்களும் குறிப்புகளும் சாம்பலாயின. தன் பெருமையை நிலைநாட்டக்கூடிய ஆதாரங்கள் பல, அதோடு போயின.

பத்து ஆண்டுகள் கழித்து, 1875 மார்ச்சில், ஓர் இளைஞர் அவரைத் தேடி வந்தார். பேச்சையே கம்பி வழியாக அனுப்பும் யோசனை ஒன்று இளைஞரிடம் இருந்தது. ஆனால், மின்சாரம் பற்றித் தனக்குப் போதிய அறிவு இல்லையே என்று சோர்ந்து போயிருந்தார். 77 வயது ஹென்றி, சளி பிடித்திருந்த நிலையிலும் பொறுமையாகக் கேட்டார். இது மகத்தான கண்டுபிடிப்பின் விதை என்றார். அறிவு போதவில்லை என்றால், போய்க் கற்றுக்கொள்ளச் சொன்னார். அந்த இளைஞர், அலெக்சாண்டர் கிரஹாம் பெல். அடுத்த ஆண்டே டெலிபோன் பிறந்தது. இளம் வயதில் தனக்கு உதவியவர் என்று ஹென்றியைக் கடைசி வரை நன்றியோடு நினைத்தார் பெல்.

கலங்கரை விளக்க வாரியத்தின் தலைவராகவும் ஹென்றி இருந்தார். பனிமூட்டத்தில் கப்பல்களுக்கு எச்சரிக்கை ஒலி எவ்வளவு தூரம் கேட்கிறது என்று, முதிய வயதிலும் கடற்கரைகளுக்குப் போய் ஆராய்ந்தார். 1878ம் ஆண்டு மே 13ம் தேதி, வாஷிங்டனில் காலமானார். அமெரிக்க ஜனாதிபதியே இறுதிச் சடங்குக்கு வந்திருந்தார்.

பாரடே பெயரில், மின்தேக்கியின் அளவுக்குப் பாரட் என்று பெயர். 1893ல், சிகாகோவில் கூடிய உலக மின் விஞ்ஞானிகள், மின்தூண்டலின் அளவுக்கு ஹென்றி என்று பெயர் வைத்தனர். உங்கள் அண்ணனோ, அக்காவோ பிளஸ் 2 படித்தால், இயற்பியல் புத்தகத்தை வாங்கிப் பாருங்கள். பாரடேயும் ஹென்றியும் அடுத்தடுத்து இருப்பார்கள்.